ஏழுக்கு ஆறு: பேத்தியின் றிப்போர்ட்டை வாசிப்பது எப்படி

பெரியம்மாவின் பேத்தி நோர்வேயில், பேர்கன் நகரத்தில் படிக்கிறாள். பன்னிரண்டு வயது. அவளுடைய தேர்ச்சி அறிக்கையை, தாயான என் அக்கா வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தா. பெரியம்மா கண்ணாடியைப் போட்டு, ஃபோனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை பார்த்துப்போட்டு என்னைக் கூப்பிட்டா.

"தம்பி, இஞ்ச பார். விஞ்ஞானத்துக்கு ஆறு. கணக்குக்கு அஞ்சு. சித்திரத்துக்கு ஏழு. பிள்ளை படிக்கிறதையே விட்டுட்டாளா?"

"நூற்றுக்கு இல்ல பெரியம்மா. ஏழுக்கு ஆறு."

முகம் தெளிந்தது. உடனே அடுத்தது வந்தது. "அப்ப வகுப்பில எத்தனையாம் பிள்ளை?"

அதற்குப் பதில் அந்தத் தாளில் இல்லை. அந்தப் பாடசாலையின் எந்தத் தவணைத் தாளிலும் இருக்காது. எங்கட தம்பலகாமத்தில், கோயிலடியிலும் கள்ளிமேட்டிலும் பத்தினிபுரத்திலும் இப்படி ஃபோனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு திகைத்து நிற்கிற அம்மம்மா, அப்பப்பாமார் இன்னும் இருப்பார்கள் என்பதால் இதை விவரமாகவே எழுதுகிறேன். ஊரில் இருந்தபடி "பிள்ளையை இன்டர்நெஷனலில் போடலாமா" என்று கேட்கிறவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. நான் அரசாங்கப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளை படிப்பது ஐ.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சர்வதேச பக்கலோரியா அமைப்பின் நடுப்பருவ நிகழ்ச்சித்திட்டம். எம்.வை.பி. என்பார்கள். 11 வயது முதல் 16 வயது வரை, ஐந்து ஆண்டுகள். எங்கட கணக்கில் தரம் 6 முதல் தரம் 10, 11 வரை. இதற்குக் கீழே சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று, மேலே 16 முதல் 19 வயது வரை டிப்ளோமா என்று இன்னொன்று உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்பது அந்த மேலேயுள்ள டிப்ளோமாவைத்தான். "என்ர பேரன் ஐ.பி. படிக்கிறான், இனி நேரே கம்பஸ்தான்" என்று தரம் 7 பிள்ளையைப் பற்றிச் சொல்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

1968இல் ஜெனீவாவில் ஐ.பி. பிறந்தபோது டிப்ளோமா மட்டும்தான் இருந்தது. தூதரக ஊழியர்கள், ஐ.நா. அலுவலர்கள் என்று நாட்டுக்கு நாடு பெட்டி தூக்கிக்கொண்டு போகிறவர்களின் பிள்ளைகள் எங்கே பரீட்சை எழுதினாலும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ள ஒரு பத்திரம் வேண்டும் என்பதுதான் தேவை. எங்களுக்குக் கிட்டிய இடம் என்றால் கொடைக்கானல். 1901இல் அமெரிக்க மிஷனரிமாரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கொடைக்கானல் சர்வதேசப் பாடசாலை 1976இலேயே அந்த டிப்ளோமாவுக்குப் போய்விட்டது. இந்தியாவில் அதுதான் முதல்.

கடைசி இரண்டு வருடத்துக்கு வழி கிடைத்துவிட்டது, அதற்கு முந்திய பருவத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி பிறகுதான் எழுந்தது. 1980இல் தன்சானியாவின் மோஷி நகரில், கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு பாடசாலையில், சர்வதேசப் பாடசாலைகள் சங்கம் ஒரு மாநாடு கூட்டியது. 11 முதல் 16 வயது வரையான பிள்ளைக்கு என்ன தேவை என்பதே பேச்சு. அங்கிருந்து வளர்ந்து, கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சுப் பாடசாலைகளின் கையும் சேர்ந்து, 1994இல் ஐ.பி.யின் பெயரில் எம்.வை.பி. வெளியே வந்தது.

கியூபெக்கைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். மொன்றியலில் இருக்கிற எங்கட ஆட்களின் பிள்ளைகள் 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டத்தால் பெரும்பாலும் பிரெஞ்சுப் பாடசாலைக்குத்தான் போகிறார்கள். அங்கே அரசாங்கப் பாடசாலைகள் பலவற்றில் இதே எம்.வை.பி. பிரெஞ்சு மொழியில், மாகாண அரசின் பாடத்திட்டத்தோடு சேர்ந்தே நடக்கிறது. நோர்வேயில், பேத்தி படிப்பது போன்ற தனியார் பாடசாலைகளுக்கு ஒரு பிள்ளைக்கான நடைமுறைச் செலவில் 85 சதவீதத்தை அரசே கொடுக்கிறது. அக்கா ஒரு மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறா, அத்தான் பஸ் ஓட்டுகிறார். கோடீஸ்வரப் படிப்பு, இங்கிலிஷ் படிப்பு என்று இதைப் பற்றி ஊரில் இருக்கிற இரண்டு எண்ணமும் இந்த இரண்டு இடத்திலும் பொருந்தவில்லை.

சரி, புள்ளிக்கு வருவோம்.

எம்.வை.பி.யில் ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு நியதிகள் உண்டு. அவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர். இங்கேதான் பெரியம்மா இரண்டாம் முறை வழுக்கினா. அவவின் காலத்து ஓ.எல். பெறுபேற்றில் 'டி' என்றால் அதிவிசேட சித்தி. எட்டு டி எடுத்த பிள்ளையின் வீட்டுக்கு ஊரே போய்வரும். இன்றைய பிள்ளைகளுக்கு 'ஏ'தான் மேலே. பேத்தியின் அறிக்கையில் வரும் எழுத்துகளோ பெறுபேறே அல்ல, நியதிகளின் பெயர்கள். விஞ்ஞானத்தில் ஏ என்றால் அறிந்து விளங்கியிருப்பது. பி என்றால் ஒரு கேள்வியை எழுப்பி அதற்குப் பரிசோதனை திட்டமிடுவது. சி என்றால் கிடைத்த தரவைக் கையாண்டு, அது எவ்வளவு நம்பத்தக்கது என்று மதிப்பிடுவது. டி என்றால் அந்த விஞ்ஞானம் மனிதர்களின் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்று யோசிப்பது. ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து 8 வரை மட்டங்கள். நான்கையும் கூட்டினால் மொத்தம் 32. அதை 1 முதல் 7 வரையான தரமாக மாற்றுவார்கள். 28உம் அதற்கு மேலும் என்றால் 7. 24 முதல் 27 வரை 6. 19 முதல் 23 வரை 5. 15 முதல் 18 வரை 4.

எங்கட மருமகளின் விஞ்ஞானத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஏ 7, பி 5, சி 6, டி 6. கூட்டினால் 24, அதாவது 6. படித்ததை விளங்கி வைத்திருக்கிறாள், தானாக ஒரு பரிசோதனையைத் திட்டமிடுவதில்தான் தடக்குகிறாள் என்று அந்த நான்கு இலக்கமும் சொல்கின்றன. நெல் விற்கப் போனவருக்கு இது விளங்கும். மூட்டையைத் தராசில் வைத்த உடனே விலை போடுவதில்லை. ஈரப்பதன் 14 சதவீதத்துக்குள் நிற்கிறதா, பதர் எவ்வளவு, கல் மண் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஈரம் கூடினால் காயவிட வேண்டும், பதர் கூடினால் தூற்ற வேண்டும். எது குறை என்று தெரிந்தால்தானே அடுத்த வேலை? எங்கட றிப்போர்ட்டில் "விஞ்ஞானம் 68" என்று வரும்போது எந்த வேலையைச் செய்வது என்று தாய்க்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. ரியூசனுக்கு அனுப்புவதுதான் கைக்குத் தெரிந்த ஒரே மருந்து.

இந்த மட்டங்களை வருடம் முழுக்கக் கூட்டி வகுப்பதும் இல்லை. தை மாதத்தில் 3 எடுத்த பிள்ளை ஆனியில் 6க்கு வந்திருந்தால், சராசரி நாலரை என்று போடாமல், பிள்ளை இப்போது எங்கே நிற்கிறாள் என்று ஆசிரியர் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். ஒவ்வொரு மட்டத்துக்கும் என்ன செய்திருக்க வேண்டும் என்ற விவரணம் வேலை தொடங்க முன்னரே பிள்ளையின் கையில் இருக்கும். எல்லாரும் அந்த விவரணத்துக்கு எதிரே அளக்கப்படுகிறார்கள், பக்கத்துப் பிள்ளைக்கு எதிரே அல்ல. முழு வகுப்பும் 7 எடுக்கலாம், ஒருவரும் எடுக்காமலும் போகலாம். 'எத்தனையாம் பிள்ளை' என்ற இலக்கத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போனது இதனால்தான். பெரியம்மாவுக்கு இது இன்னும் சமாதானமாகவில்லை. "அப்ப ஆர் கெட்டிக்காரி எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டா. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியில் பிள்ளைகளை அளந்து பழகிய ஒரு நாட்டில் அது நியாயமான கேள்விதான்.

பாடங்கள் எட்டுத் தொகுதி. தாய்மொழியும் இலக்கியமும், இரண்டாம் மொழி, கணிதம், விஞ்ஞானம், வரலாறு புவியியல் சேர்ந்த சமூகப் பாடம், கலை, உடற்கல்வியும் சுகாதாரமும், வடிவமைப்பு. ஒவ்வொரு தொகுதிக்கும் வருடத்தில் ஆகக்குறைந்தது 50 மணித்தியாலம் ஒதுக்கியாக வேண்டும். கடைசி இரண்டு வருடத்தில் மட்டும் ஆறாகக் குறைத்துக்கொள்ள இடமுண்டு. உடற்கல்விக்கும் நான்கு நியதி, நடனத்துக்கும் நான்கு நியதி. ஓ.எல். கிட்டும்போது விளையாட்டுப் பாடவேளையைக் கணித ஆசிரியர் கேட்டு வாங்குவதும், அதிபர் தலையாட்டுவதும் எங்கே நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அரசாங்கப் பாடப் புத்தகம் போல அட்டை முதல் அட்டை வரை முடிக்க வேண்டிய நூல் எதுவும் இதில் இல்லை. எதைப் படிப்பிப்பது என்பதைப் பாடசாலை தீர்மானிக்கும். ஒவ்வொரு அலகும் ஒரு பெரிய கேள்வியோடும் ஓர் உலகச் சூழலோடும் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே விதி. வருடத்துக்கு ஒரு தடவையாவது இரண்டு பாட ஆசிரியர்கள் சேர்ந்து ஓர் அலகை நடத்த வேண்டும். இதைக் கேட்டதும் நான் உடனே நினைத்தது எங்கட குடாவை.

தம்பலகாமக் குடாவில் ஒரு தட்டையான சிப்பி உண்டு. வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு ஓடு மெல்லியது. சீனாவிலும் வேறிடங்களிலும் ஜன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதில் இதைப் பதித்தார்கள். உள்ளே சின்னச் சின்ன முத்துகள். 1859இல் எமர்சன் டெனென்ட் இலங்கை பற்றி எழுதிய நூலில் தம்பலகாமத்தின் பெயர் இந்தச் சிப்பியோடுதான் வருகிறது. அந்த முத்துகளை இந்தியக் கரைக்கு ஏற்றிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, வசதியானவர்கள் வெற்றிலையோடு போட்டார்களாம். 1858க்கு முந்திய மூன்று வருடங்களில் குத்தகைக்காரர் அள்ளிய சிப்பி 1 கோடியே 80 இலட்சத்துக்குக் குறையாது என்று அவர் கணக்கும் சொல்கிறார்.

இப்போது இதை ஒரு தரம் 8 வகுப்பில் வையுங்கள். விஞ்ஞான ஆசிரியர் உவர்நீர், சேற்றுப் படிவு, இனப்பெருக்கம் என்று போகலாம். சமூகப்பாட ஆசிரியர் குத்தகை யாருக்குப் போனது, சுழியோடியவர்களுக்கு என்ன மிஞ்சியது, ஒரு வளத்தை எவ்வளவு அள்ளலாம் என்று போகலாம். கணிதத்துக்கும் இடமுண்டு: 1 கோடியே 80 இலட்சம் சிப்பி என்றால் நாளொன்றுக்கு எத்தனை? முடிவில் பிள்ளை எழுத வேண்டிய கேள்வி, குடாவில் இனி மீன்பிடியை யார், எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதாக இருக்கலாம். நான்கு நியதியும் தன்பாட்டில் வந்து உட்காரும். குடாவில் மீன் பிடிக்கிற ஒருவரைக் கூப்பிட்டுப் பிள்ளைகள் கேள்வி கேட்டால் ஆங்கிலம் எதற்கு? தம்பலகாமத்துப் பிள்ளை இதே குடாவைத் தாண்டி பஸ்ஸில் திருகோணமலைக்குப் போய், ரியூசன் வகுப்பில் இருந்து, பேர் தெரியாத கடலொன்றின் சூழற்றொகுதியைப் பாடமாக்கிவிட்டுத் திரும்பி வருகிறது.

அடுத்தது 'தனிச் செயற்றிட்டம்'. ஐந்தாம் வருடத்தில், பதினாறு வயதுக் கிட்ட, ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்து ஏறத்தாழ 25 மணித்தியாலம் செலவழித்து எதையாவது செய்ய வேண்டும். ஒரு வள்ளம், ஒரு குறும்படம், ஒரு பாட்டுக் கச்சேரி, ஒரு மென்பொருள், எதுவும் சரி. செய்த பொருளுக்குப் புள்ளி இல்லை என்றால் நம்புவீர்களா? எப்படித் திட்டமிட்டாய், எந்தத் திறனைப் பயன்படுத்தினாய், என்ன கற்றாய் என்று பிள்ளை எழுதும் அறிக்கைக்குத்தான் புள்ளி. அறிக்கை 15 பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மூன்று நியதி, மொத்தம் 24. வள்ளம் தாண்டு போனாலும், ஏன் தாண்டது என்று ஒழுங்காக எழுதிய பிள்ளை மேல் மட்டம் எடுக்கலாம்.

எங்கட ஒப்படைகளை இதோடு வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஒப்படை கொடுத்த அன்று பின்னேரம் சந்திக் கொமியூனிகேஷனில் நெரிசல். கடைக்காரத் தம்பிக்கு எங்கட தலைப்புகள் எல்லாம் பாடம். விக்கிப்பீடியாவில் இருந்து நாலு பக்கம், கலர் படம் இரண்டு, பிரிஸ்டல் போட் அட்டை, மினுங்கல் நாடா. தாய் இரவிரவாக ஒட்டுவா. காலையில் பிள்ளை கொண்டுவந்து தரும். நாங்களும் அட்டையின் அழகைப் பார்த்து 'மிக நன்று' போடுவோம். பொருளுக்குப் புள்ளி போடாமல், செய்த வழிக்குப் புள்ளி போட்டால் இந்தக் கடைக்கு வேலையில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு, எங்களுக்கு ஒத்துவராது என்று சொல்கிறவர்களுக்கு 1972ஐ ஞாபகப்படுத்த வேண்டும். பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த அந்தக் காலத்தில் ஓ.எல்.ஐத் தூக்கிவிட்டு, அதற்குப் பதில் என்.சி.ஜி.ஈ. என்று ஒரு சான்றிதழ்ப் பரீட்சையைக் கொண்டுவந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடங்கள். ஒருங்கிணைந்த விஞ்ஞானம், சமூகக்கல்வி, கூடவே தொழில்முன் பாடங்கள். பாடசாலை இருக்கும் ஊரின் தொழில் எதுவோ அதைப் பிள்ளை ஆராய வேண்டும்: நெல், மீன், பன், மட்பாண்டம். 1975இல் முதல் பரீட்சையும் நடந்தது. மோஷியில் மாநாடு கூடுவதற்கு ஐந்து வருடம் முந்தி! ஆசிரியர்கள் தயாராக இருக்கவில்லை, "எங்கட பிள்ளையளைத் திரும்பவும் வயலுக்கு அனுப்பப் பார்க்கிறாங்கள்" என்ற சந்தேகம் பெற்றோரிடம் இருந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் அது போய், ஓ.எல். திரும்பி வந்தது. இப்போது அறுபது தாண்டிய அண்ணன்மாரைக் கேட்டால் அந்தக் கொப்பிகளைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள்.

பிறகு பாடசாலை மட்டக் கணிப்பீடு வந்தது. 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தது. இன்றைக்கும் ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்தால் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், மதிப்பீட்டு நியதி எல்லாம் அச்சில் அழகாக இருக்கின்றன. 2025இல் பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரிணி அமரசூரிய அறிவித்த சீர்திருத்தமும் மொடியூல், செயற்பாடு, பரீட்சைச் சுமைக் குறைப்பு என்று அதே திசையில்தான் பேசுகிறது. காகிதத்தில் நாங்கள் பின்தங்கியவர்கள் அல்ல.

தடை எங்கே என்று என் தொழிலில் இருந்தே காட்டுகிறேன். எம்.வை.பி.யில் ஒவ்வொரு நியதியையும் வருடத்துக்கு ஆகக்குறைந்தது இரண்டு முறை மதிப்பிட வேண்டும். வகுப்புக்கு 35 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள் உள்ள ஓர் ஆசிரியருக்கு 175 பிள்ளைகள். நான்கு நியதி, இரண்டு முறை. 1,400 தீர்ப்புகள். ஒவ்வொன்றுக்கும் 'ஏன் இந்த மட்டம்' என்று பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி இரண்டு வரியாவது எழுத வேண்டும். அதற்கு மேல் பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு உட்கார்ந்து, என்னுடைய 6உம் உங்களுடைய 6உம் ஒன்றுதானா என்று ஒத்துப்பார்க்க வேண்டும். பேர்கனில் வகுப்பில் இருபது சொச்சப் பிள்ளைகள், திட்டமிடுவதற்கென்று சம்பளத்தோடு ஒதுக்கிய நேரம். ஐ.பி. பாடசாலைக் கட்டணத்தில் பெரும்பங்கு போவது இந்த ஆசிரியர் நேரத்துக்குத்தான். குளிரூட்டிய வகுப்பறை, மேசைக்கு ஒரு டப்லட் எல்லாம் வெளிப்பூச்சு.

இனி ஊரில் 'இன்டர்நெஷனல்' பலகை பார்த்துப் பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு.

இலங்கையில் சர்வதேசப் பாடசாலை என்ற பெயரில் இயங்குபவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கும் நான் மேலே சொன்ன எதற்கும் சம்பந்தமே இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை திறப்பதைத் தடுத்தது. பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு வந்தவர்கள் அதனால் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிந்துகொண்டார்கள். கல்வி அமைச்சின் பாடசாலைப் பட்டியலில் அவை இல்லை. அங்கே நடப்பது அநேகமாக கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்ஸெல் பாடத்திட்டம், ஆங்கில மொழிமூலம், முடிவில் லண்டன் ஓ.எல்., ஏ.எல். அது ஒரு நேரான பரீட்சைப் படிப்பு. எங்கட படிப்பைப் போலவே பழைய வினாத்தாள்களை அரைத்துக் குடிக்கிற படிப்பு, மொழி மட்டும் வேறு. அதில் குற்றமில்லை, பல பிள்ளைகள் அதில் நன்றாக வந்திருக்கிறார்கள். ஆனால் "கேள்வி கேட்கப் பழக்குவோம், பாடமாக்க விடமாட்டோம்" என்று துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்துவிட்டு மாதாந்தப் பரீட்சைக்கு றாங்க் போடுகிற இடங்களும் உண்டு. ஐ.பி. என்று பார்த்தால், 1957இல் தொடங்கி, இப்போது கொழும்புப் பக்கம் பத்தரமுல்லையில் இருக்கும் 'ஓவர்ஸீஸ் ஸ்கூல் ஒப் கொலம்போ'தான் சின்ன வகுப்பில் இருந்து டிப்ளோமா வரை எம்.வை.பி.யும் சேர்த்து நடத்துகிற பழைய பாடசாலை. அங்கே கட்டணம் டொலர்க் கணக்கு. இரண்டு போகமும் பொய்க்காமல் விளைந்தாலும் எங்கட வயலுக்கு எட்டாது.

எந்தப் பாடசாலை என்றாலும் பெற்றோர் போய்க் கேட்க வேண்டியது சுகமான விஷயம். கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவதை விட்டுவிட்டு, போன தவணையில் ஒரு பிள்ளை செய்த வேலையை, பெயரை மறைத்தாவது, ஆசிரியரின் குறிப்போடு காட்டச் சொல்லுங்கள். சிவப்புப் பேனாவால் சரி, பிழை மட்டும் போட்டிருந்தால் பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் ஒன்றுதான். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளை, ஒரு வருடத்தில் எத்தனை ஆசிரியர் விட்டுவிட்டுப் போனார்கள் என்றும் கேளுங்கள். ஐ.பி. அங்கீகாரம் இருக்கிறது என்று சொன்னால், எந்த நிகழ்ச்சித்திட்டத்துக்கு என்று கேட்டு, ஐ.பி.யின் பொதுப் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். விண்ணப்பித்திருக்கிற பாடசாலை வேறு, அங்கீகாரம் கிடைத்த பாடசாலை வேறு.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கேட்க வேண்டியது ஒன்று கூடுதலாக உண்டு. ஐ.பி. பாடசாலை ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்த மொழிக் கொள்கை இருக்க வேண்டும், பிள்ளையின் வீட்டு மொழிக்கு என்ன ஆதரவு என்பது அதில் வர வேண்டும். அதைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். தமிழ் ஆசிரியர் கிடைக்காமல் போகலாம். ஆனால் தனிச் செயற்றிட்டத்தைத் தமிழ்ப் பொருளில் செய்ய யாரும் தடுக்க முடியாது. எங்கட ஊர் ஆதிகோணநாயகர் கோயில் தொழும்பு முறைகளைப் பற்றி அம்மம்மாவிடம் ஃபோனில் பேட்டி எடுக்கலாம். பேரப்பிள்ளை அப்படிக் கேட்டால், "அதெல்லாம் உனக்கெதுக்கு, போய்ப் படி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதுதான் படிப்பு, அதற்குத்தான் புள்ளி.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆவணங்களில் இருக்கும் மொழி பெற்றோருக்கு மட்டுமில்லை, புது ஆசிரியருக்கும் தலையைச் சுற்றும். கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து கை பழகுவது போதாது என்று அக்கா உட்பட எத்தனையோ தாய்மார் முறையிடுகிறார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். இருபடிச் சமன்பாட்டைச் சிந்தித்து விளங்கிய பிள்ளைக்கும் நாற்பது கணக்குச் செய்தால்தான் வேகம் வரும். தீர்ப்பு முழுக்க ஆசிரியரின் கையில் இருப்பதால் நல்ல ஆசிரியரிடம் இது தங்கம், ஏனோதானோ ஆசிரியரிடம் வெறும் இலக்கம். 2016 முதல் கணினித் திரையில் எழுதும் வெளிப் பரீட்சை ஒன்று உண்டு. அது கட்டாயமில்லை. எழுதினால் மொத்தம் 56க்கு, சான்றிதழுக்கு 28 தேவை. எழுதாத பாடசாலைகள் நிறைய. அப்படியான இடத்தில் பதினாறு வயதில் பிள்ளையின் கையில் இருப்பது பாடசாலையின் சொந்த அறிக்கை மட்டும்தான்.

ஊருக்குத் திரும்பி வரும் யோசனை உள்ள குடும்பங்களுக்கு இது முக்கியம். தரம் 10இல் இங்கே வந்து சேர்கிற பிள்ளைக்கு ஓ.எல்.இல் ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். எம்.வை.பி.யில் 7 எடுத்த பிள்ளைக்கும் ஒளித்தொகுப்பு, பிரசாரணம் என்ற சொற்கள் புதிது. அனுராதபுர கால நீர்ப்பாசனம் முழுக்கப் புதிது. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பெருவழி ஏ.எல்.உம் இசட் புள்ளியும்தான், அந்த வாசலில் எம்.வை.பி. தரத்துக்கு இடமில்லை. திரும்புவது என்றால் தரம் 8க்கு முன் திரும்புவது பிள்ளைக்கு நல்லது. அதற்குப் பிந்தினால் டிப்ளோமா வரை அங்கேயே முடித்துவிடுவது மேல். முடிவெடுக்காமல் இழுபடுகிறவர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எங்கட அரச பாடநூல்கள் அத்தனையும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழில் இலவசமாக இறக்கலாம். தரம் 6 வரலாற்றிலும் தரம் 7 விஞ்ஞானத்திலும் தொடங்கி, கிழமைக்கு ஓர் அத்தியாயம் பிள்ளையோடு இருந்து சத்தமாக வாசியுங்கள். அக்காவுக்கும் இரண்டு புத்தகத்தையும் அனுப்பியிருக்கிறேன்.